கட்டி சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை: மருந்து வேலை செய்கிறதா?

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். சித்திக்கு வயது 61. மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிய பிறகுதான் தெரிய வந்தது. ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோன் தூண்டி வளர்கிற வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லாதது). பால்போசிக்லிப், லெட்ரோசோல் இரண்டும் கொடுத்திருக்கிறார்கள். ஊசி கிடையாது, மாத்திரை மட்டும்தான். போன வாரம் இரண்டாவது சிடி ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "ஸ்டேபிள் டிசீஸ்" என்று இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "நல்ல செய்திதான், இதையே தொடருங்கள்" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினை. "இத்தனை மாசம் மாத்திரை போட்டும் கட்டி அப்படியே இருக்கே, பேசாமல் கீமோ போட்டிருக்கலாம்" என்கிறார் சித்தப்பா. சித்தியும் குழம்பிப் போயிருக்கிறார். முதல் நாள் டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது: "இது செல்லைக் கொல்கிற மருந்து இல்லை, பிரியவிடாமல் நிறுத்துகிற மருந்து." அப்படி நின்ற செல் நின்றபடியே இருக்குமா, இல்லை தருணம் பார்த்துக் கிளம்புமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்ரித்தட்டு

அக்கா, நான் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் செல் வளர்க்கிறவன். சித்தியின் சிகிச்சை பற்றி டாக்டர் சொல்வதுதான் முடிவு. அந்த மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு செல் இரண்டாவதற்கு முன் வளர்கிறது, டிஎன்ஏவை நகல் எடுக்கிறது, நகலைச் சரிபார்க்கிறது, பிறகு பிளக்கிறது. முதல் கட்டத்துக்கு ஜி1 என்று பெயர். அதன் முடிவில் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதைத் தாண்டும்வரை செல் வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளுக்குக் காது கொடுக்கும். தாண்டிவிட்டால் பிரிந்துதான் தீரும். 1974இல் ஆர்தர் பார்டி இதை விவரித்தார்.

அந்தக் கோட்டில் காவலுக்கு நிற்பது ஆர்பி என்ற புரதம். டிஎன்ஏ நகலெடுக்கத் தேவையான ஜீன்களைக் கிளப்பிவிடும் ஈ2எஃப் என்பதை அது பிடித்து வைத்திருக்கும். வளரச் சொல்லிச் சமிக்ஞை வந்தால் (உங்கள் சித்தியின் கட்டிக்கு அது ஈஸ்ட்ரோஜன்) சைக்ளின் டி பெருகும். அது சிடிகே 4, சிடிகே 6 என்ற நொதிகளோடு சேர்ந்து ஆர்பியின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். ஆர்பியின் பிடி தளரும், ஈ2எஃப் வெளியே வரும், செல் கோட்டைத் தாண்டும்.

லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. பால்போசிக்லிப் அந்த இரண்டு சிடிகேக்களையும் அடைத்துவிடுகிறது. ஒரே பாதையை இரண்டு இடத்தில் மறித்த மாதிரி. செல் உயிரோடு இருக்கும், சாப்பிடும், மூச்சு விடும். ஜி1இலேயே நிற்கும்.

வெட்டொன்று

கடன், நெருப்பு, பகை மூன்றிலும் மிச்சம் வைக்காதே என்பார்கள். புற்றுநோய் செல்லை உயிரோடு நிறுத்திவைத்துவிட்டு அதை வெற்றி என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. சித்தப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஸ்கேன்_அறை

மேலே உள்ள சண்டை இருக்கட்டும். அக்கா, ரிப்போர்ட்டில் "டார்கெட் லீஷன்" என்று போட்டு மில்லிமீட்டரில் அளவு கொடுத்திருப்பார்கள். அந்தக் கூட்டுத்தொகை என்ன? முதல் ஸ்கேனிலும் இப்போதும்?

தாமிரபரணிக்காரி

ஈரலில் இரண்டு இடம் அளந்திருக்கிறார்கள். கூட்டினால் முதலில் 62 மி.மீ., இப்போது 55.

ஸ்கேன்_அறை

அப்படியானால் "அப்படியே இருக்கு" என்பது சரியில்லை. ரெசிஸ்ட் என்று ஒரு அளவுமுறை உண்டு. விட்டங்களின் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால்தான் "பார்ஷியல் ரெஸ்பான்ஸ்" (ஓரளவு பலன்) என்று எழுதலாம். இதுவரை இருந்ததிலேயே குறைந்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடினாலோ, புதிதாக ஓர் இடத்தில் முளைத்தாலோ "புரொகிரஷன்" (நோய் முற்றுகிறது). நடுவில் எது வந்தாலும் "ஸ்டேபிள்"தான். 29 சதவீதம் குறைந்தாலும் ஸ்டேபிள், 19 கூடினாலும் ஸ்டேபிள். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து வைக்கக் கூடாது.

உங்கள் கணக்கு 62இலிருந்து 55. விட்டத்தில் 11 சதவீதம் குறைந்திருக்கிறது. கட்டி பந்து வடிவம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குறைகிறது என்று வைத்துக்கொண்டால் கன அளவில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிருக்கிறது. 0.887ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். அளப்பதில் ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே இருக்கும், அதனால் இதைப் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். ஆனால் போகிற திசை நல்ல திசை.

தாமிரபரணிக்காரி

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. ரொம்ப நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். பிரிவதை மட்டும் நிறுத்துகிற மருந்து என்றால் எப்படிச் சுருங்கும்?

பெட்ரித்தட்டு

நல்ல கேள்வி. கட்டிக்குள் செல்கள் சாகாமலே இருப்பதில்லை. ரத்தம் போதாமல், ஆக்சிஜன் கிடைக்காமல், டிஎன்ஏ கோளாறால் தினமும் செத்துக்கொண்டேதான் இருக்கின்றன. பிறப்பு அதைவிட அதிகமாக இருப்பதால்தான் கட்டி பெரிதாகிறது. பிறப்பு நின்று சாவு மட்டும் தொடர்ந்தால் மெல்ல மெல்லச் சுருங்கும். கீமோ மாதிரி மளமளவென்று இருக்காது. இந்த ஜோடியை நோயாளிகளிடம் சோதித்த பலோமா-2 என்ற ஆய்வில் அளக்கக்கூடிய கட்டி இருந்தவர்களில் இந்த ஜோடி மாத்திரை எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு ரெஸ்பான்ஸ் என்று சொல்லும் அளவுக்கே சுருங்கியது. லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் 44.

வெட்டொன்று

பலோமா-2ஐ நானும் படித்திருக்கிறேன். நோய் முற்றாமல் இருந்த காலம் 14.5 மாதத்திலிருந்து 24.8 மாதமாகக் கூடியது, சரி. ஆயுள் கூடியதா? இந்த ஜோடி எடுத்தவர்களுக்கு 53.9 மாதம், லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு 51.2 மாதம். புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. இதையும் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி

சொல்லத்தான் வேண்டும், மறைக்க ஒன்றும் இல்லை. அதே குடும்பத்து ரைபோசிக்லிப்பைப் பாருங்கள். மொனலீசா-2 ஆய்வில் ஆயுளே 51.4 மாதத்திலிருந்து 63.9 ஆனது. ஒரே வேலை செய்கிற மருந்துகளுக்குள் ஏன் இந்த வித்தியாசம் என்று நிபுணர்களே இன்னும் வாதாடுகிறார்கள். எது யாருக்கு என்பது இதயத்தின் ஈசிஜி, ஈரல், வயிற்றுப்போக்கு எல்லாம் பார்த்து டாக்டர் எடுக்கிற முடிவு. ரைபோசிக்லிப் ஈசிஜியில் க்யூடி இடைவெளியை (இதயத் துடிப்பின் மின் அலையில் ஒரு பகுதி) நீட்டக்கூடியது. எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது.

இன்னொன்று. நோய் முற்றாமல் கூடக் கிடைத்த அந்த 10 மாதம் முடி கொட்டி, வாந்தி எடுத்து, வார்டில் கிடந்து கழித்த 10 மாதம் இல்லை. வீட்டில் சமைத்து, பேரனைப் பள்ளிக்கூடம் அனுப்பிக் கழித்த மாதங்கள். உங்கள் கணக்கில் அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள் சார்.

விலை பற்றி: இந்தியாவில் பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. அக்கா, இன்னும் பழைய விலைக்கே வாங்குகிறீர்கள் என்றால் டாக்டரிடம் ஜெனரிக் (மற்ற கம்பெனிகள் தயாரிக்கும் அதே மருந்து) பற்றிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளையணு குறைவது இந்த மருந்தில் சர்வசாதாரணம்.

மூலிகைச்சோலை

இதற்கு ஏன் இவ்வளவு செலவு? முள்சீத்தா இலையைக் கஷாயம் வைத்து ஒரு மண்டலம் குடித்தால் புற்று செல் பிரிவது தானாக நிற்கும். ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள்.

பெட்ரித்தட்டு

அந்த ஆராய்ச்சிகள் எந்த மாதிரி என்று எனக்குத் தெரியும், நான் குப்பை கொட்டுகிற இடமே அதுதான். தட்டில் இருக்கிற செல்லின் மேல் பினாயில் ஊற்றினாலும் பிரிவது நிற்கும்.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. நம்ம ஊர் நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வருகிறது. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் அதைப் பயிராகவே போடுகிறார்கள். செல் பிளக்கும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க நுண்குழல்கள் வேண்டும். வின்கிரிஸ்டின் அவற்றைச் சேரவிடாது. குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கும், இழுக்க ஆள் இருக்காது. இதுவும் ஒரு நிறுத்தம்தான், ஆனால் பால்போசிக்லிப் நிறுத்தும் இடம் வேறு, இது வேறு. இங்கே செல்லால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஒன்று சாகும், இல்லாவிட்டால் பிளக்காமலே இரட்டை குரோமோசோமோடு நழுவி வெளியே வரும். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டமாட்டார்கள். இந்தத் துல்லியம் கஷாயச் சட்டியில் எப்படி வரும்?

மருந்துப்பெட்டி

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். பால்போசிக்லிப்பை ஈரலில் உடைப்பது முக்கியமாக சிவைபி3ஏ என்ற நொதி. அதைத் தூண்டும் பொருள் உள்ளே போனால் மருந்து சீக்கிரம் கரைந்து பயனில்லாமல் போகும். மட்டுப்படுத்தும் பொருள் போனால் ரத்தத்தில் மருந்து கூடி வெள்ளையணு விழும். கிரேப்ஃப்ரூட்டே கூடாது என்று மருந்துத் தாளில் போட்டிருக்கிறார்கள். என்ன சேர்க்கை என்றே தெரியாத கஷாயத்தை இதோடு கொடுப்பது விபரீதம். எது கொடுப்பதானாலும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

நெறியாளர்

மூலிகைச்சோலை, மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே அனுமதி இல்லை. உங்கள் அடுத்த பதிவை நீக்கியிருக்கிறேன். மற்றவர்கள் தொடரலாம்.

வெட்டொன்று

அக்கா முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நின்ற செல் திரும்பக் கிளம்புமா, கிளம்பாதா?

பெட்ரித்தட்டு

எப்படி நின்றது என்பதைப் பொறுத்தது. இரண்டு விதம் உண்டு. ஒன்று தூக்கம்: தடை போனதும் எழுந்துவிடும். இன்னொன்று செனசன்ஸ், அதாவது செல் முதுமை: உயிர் இருக்கும், ஆனால் எவ்வளவு சத்து கொடுத்தாலும் பிரியாது.

செல் முதுமையைக் கண்ணால் பார்க்கலாம். டாக்ஸோரூபிசின் தெரியும்தானே, வார்டில் சிவப்பு மருந்து என்பார்களே, அந்தக் கீமோ மருந்துதான். அதை நிறைய ஊற்றினால் செல்கள் செத்து மிதக்கும். குறைவாகக் கொடுத்துச் சில நாள் விட்டால் சாகாது. தட்டோடு தட்டாகப் பரந்து, ஒவ்வொன்றும் ஆஃப்பாயில் மாதிரி நடுவில் உட்கருவோடு உட்கார்ந்திருக்கும். பிறகு எக்ஸ்-கால் சாயம் போட்டு ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டரில்தான் வைக்க வேண்டும், அந்த வாயு இருந்தால் கரைசலின் பிஎச் மாறி எல்லாம் வீண். பிஎச் சரியாக 6இல் இருந்தால் காலையில் முதுமை அடைந்த செல்கள் மட்டும் நீலமாகத் தெரியும். 1995இல் ஜூடித் காம்பிசியின் குழு கொண்டுவந்த முறை, இன்றும் அதைத்தான் செய்கிறோம்.

டிஎன்ஏ உடைந்ததும் பி53 என்ற புரதம் எழும்பும், அது பி21ஐக் கூட்டும், பி21 சிடிகேக்களை அடக்கும். சேதம் ஆறாமல் நீடித்தால் தற்காலிக நிறுத்தம் நிரந்தரமாகிவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53 ஜீன் பழுதாகியிருக்கிறது. அங்கே இந்த வழி சரியாக வேலை செய்யாது.

புற்றுநோய் செல்லுக்கு நிற்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஹீலா செல்கள் (ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்தவை) 1951லிருந்து உலகமெங்கும் ஆய்வகங்களில் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பி53ஐயும் ஆர்பியையும் முடக்கி வைத்திருப்பது பாப்பிலோமா வைரஸின் ஈ6, ஈ7 புரதங்கள். 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் டேனியல் டிமாயோவின் குழு அந்த இரண்டையும் அணைத்துப் பார்த்தது. அரை நூற்றாண்டாக நிற்காதவை சில நாட்களில் நின்றன, முதுமை அடைந்தன. பிரேக் உள்ளேயே இருந்திருக்கிறது, வைரஸ் அதை மிதிக்கவிடவில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பரிசோதனை இதுதான்.

வெட்டொன்று

அருமை. ஆனால் சித்தியின் மருந்தில் எந்த விதம்? தூக்கமா, முதுமையா? அதைச் சொல்லாமல் ஹீலாவுக்குப் போய்விட்டீர்கள்.

பெட்ரித்தட்டு

விடமாட்டீர்கள் போல. நேரடியாகக் காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது, நியோபால்அனா, 2017. அறுவை சிகிச்சைக்கு முன்னால் முதலில் அனஸ்ட்ரோசோல் மட்டும் கொடுத்தார்கள் (லெட்ரோசோலின் தம்பி), பிறகு பால்போசிக்லிப்பைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்து கேஐ-67 பார்த்தார்கள். பிரியும் செல்லில் மட்டும் தெரிகிற புரதம் அது. அது 2.7 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் பிரிதல் முழுக்க நின்றதாகக் கணக்கு. அனஸ்ட்ரோசோலோடு மட்டும் 26 சதவீதம் பேருக்கு நின்றது. பால்போசிக்லிப் சேர்ந்த 2 வாரத்தில் 87 சதவீதம் பேருக்கு.

பிறகு பால்போசிக்லிப்பை நிறுத்திச் சில வாரம் கழித்து அறுவை செய்தபோது, பெரும்பாலானவர்களுக்குக் கேஐ-67 திரும்ப ஏறியிருந்தது. அறுவைவரை பால்போசிக்லிப்பைத் தொடர்ந்த 8 பேருக்கும் அடங்கியே இருந்தது. ஆக, பெரும்பாலும் தூக்கம்தான். மருந்து இருக்கும்வரை நிற்கும்.

வெட்டொன்று

இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பெட்ரித்தட்டு

சரி, ஆனால் நிரந்தரமாக நிற்பது மட்டும் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். 2002இல் கிளெமென்ஸ் ஷ்மிட், ஸ்காட் லோவ் இருவரும் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) எலிகளில் காட்டினார்கள்: கீமோவுக்குப் பிறகு செல்கள் முதுமை அடைய முடிந்த எலிகள் அதிக காலம் வாழ்ந்தன. அதே ஷ்மிட் குழு 2018இல் வேறொன்றைக் காட்டியது: முதுமையிலிருந்து தப்பி வெளியே வர நேர்ந்த செல்கள் முன்பைவிட மூர்க்கமாக வளர்ந்தன. அதுபோக, முதுமை அடைந்த செல் சும்மா இருப்பதில்லை. அழற்சியைக் கிளப்பும் புரதங்களைச் சுற்றிலும் கக்கிக்கொண்டே இருக்கும். 2017இல் காம்பிசி குழு கீமோ கொடுத்த எலிகளில் இந்தச் செல்களை மட்டும் அப்புறப்படுத்தியபோது எலிகளின் சோர்வு குறைந்தது, நோய் திரும்புவதும் குறைந்தது. கீமோ முடிந்து பல மாதம் கழித்தும் "உடம்பு அசதியாவே இருக்கு" என்பார்களே, அதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

உங்களுக்குப் பிடித்த வழியையும் சிலர் முயல்கிறார்கள். முதலில் நிறுத்து, பிறகு நின்றதைக் கொல். 2019இல் நெதர்லாந்தில் ரெனே பெர்னார்ட்ஸ் குழு ஈரல் புற்றுநோய் செல்களை ஒரு மருந்தால் முதுமைக்குத் தள்ளி, பிறகு செர்ட்ரலைன் கொடுத்துக் கொன்றது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அதே செர்ட்ரலைன்தான். தட்டிலும் எலியிலும் மட்டும் பார்த்தது. யாரும் மெடிக்கலுக்கு ஓட வேண்டாம்!

தாமிரபரணிக்காரி

தம்பி, எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இப்போது புதிதாக ஒரு பயம். மருந்தை நிறுத்தினால் செல் எழுந்துகொள்ளும் என்கிறீர்கள். சித்திக்கு 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. அந்த 7 நாளில் என்ன ஆகும்?

மருந்துப்பெட்டி

அந்த இடைவெளி எலும்பு மஜ்ஜைக்காக. வெள்ளையணுக்களை உண்டாக்கும் செல்களுக்கும் சிடிகே 6 தேவை. புற்று செல்லை நிறுத்துகிற மருந்து அவற்றையும் நிறுத்துகிறது. பலோமா-2இல் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வெள்ளையணு கடுமையாகக் குறைந்தது. ஆனால் அதோடு காய்ச்சல் வந்து ஆபத்தானவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. கீமோ மஜ்ஜை செல்களைக் கொல்கிறது, இது தூங்கத்தான் வைக்கிறது, இடைவெளி விட்டால் எழுந்து வேலைக்கு வந்துவிடும். (2021இல் அமெரிக்காவில் ட்ரைலாசிக்லிப் என்ற தம்பி மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கீமோ போடும் முன் மஜ்ஜையைத் தூங்கவைத்துக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.)

புற்று செல்லும் அந்த 7 நாளில் லேசாகப் புரண்டு படுக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். அது ஒரு சமரசம். ஆனால் பால்போசிக்லிப் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், கடைசி மாத்திரைக்கு மறுநாளே காலியாகிவிடாது. லெட்ரோசோலுக்கு இடைவெளியே கிடையாது, அதை தினமும் போட வேண்டும். சில வீடுகளில் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். அது மட்டும் கூடாது. முன்பு சொன்ன ஆய்வுகளில் நல்ல பலன் வந்ததும் இதே 21க்கு 7 கணக்கில்தான். அதே குடும்பத்து அபெமாசிக்லிப் மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாது என்பதால் இடைவெளி இல்லாமல் கொடுக்கிறார்கள். அதற்கு வயிற்றுப்போக்கு என்ற வேறு தலைவலி உண்டு.

வெட்டொன்று

கடைசியாக ஒன்று. எப்போது இந்த மருந்து கைவிடும்?

பெட்ரித்தட்டு

ஆர்பியே தொலைந்துபோன செல் உருவானால் பிடித்து வைக்க ஆள் இல்லை, சிடிகே 4, 6ஐ அடைத்தும் பயன் இல்லை. சில செல்கள் சைக்ளின் ஈ, சிடிகே 2 வழியாகச் சுற்றி வந்துவிடும். அதனால்தான் ஸ்டேபிள் என்று வந்தாலும் ஸ்கேனை விடாமல் எடுக்கிறார்கள். அப்படி நடந்தால் அடுத்த மருந்துக்கு மாறுவார்கள். கீமோ அப்போதும் கையில் இருக்கும். சித்தப்பாவிடம் அதைச் சொல்லுங்கள் அக்கா: கீமோவை வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை, பின்னால் எடுக்க வைத்திருக்கிறார்கள்.

தாமிரபரணிக்காரி

சித்தப்பாவிடம் 62, 55 கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே" என்று என்னையே திட்டினார். போகட்டும். மருந்துப்பெட்டி அண்ணா, இன்னொரு கேள்வி. நேற்று கல்யாண வீட்டுக்குப் போன அலைச்சலில் சித்தி பால்போசிக்லிப் போடவில்லை. இன்றைக்கு இரண்டாகப் போடலாமா?

மருந்துப்பெட்டி

வேண்டவே வேண்டாம். விட்டது விட்டதுதான், இன்று வழக்கமான நேரத்தில் வழக்கமான ஒன்று. போட்ட பிறகு வாந்தி எடுத்தாலும் அன்றைக்கு மறுபடி போடக் கூடாது. கையில் இருப்பது கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து, மாத்திரை என்றால் எப்படியும் போடலாம். அட்டையில் எது என்று பார்த்துவிட்டு, அடுத்த முறை போகும்போது ஒரு நாள் விட்டுப்போனதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.